சவேரியம்மா வீட்டுக் கதவு

கிட்ட வந்து ஒட்டிப் படு. காலை என் மேல போட்டுக்கோ, ஆனா உதைக்கக் கூடாது. நான் நிறுத்துற எடத்துல நீ "ம்" சொல்லணும்.

ஒரு ஊர்ல ஒரு கதவு இருந்துச்சு. வீடு இல்லை, வெறும் கதவுதான். கடலோரத்து மணல்ல, நிலையோட விறைப்பா நின்னுச்சு. ஏன்னா, புயல் வந்து "ஊஊஊ"ன்னு ஊதி, கூரை, சுவர், பானை, சட்டி எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிருச்சு. வீட்டுக்காரி பேரு சவேரியம்மா. அவ புருஷன் கஸ்பார் அன்னைக்கு வள்ளத்துல மீனுக்குப் போயிருந்தார். அவரையும் கடல் திருப்பித் தரலை.

ம்.

முன்னெல்லாம் சாயங்காலம் கோயில் மணி "டாண் டாண்"னு அடிச்சா ரெண்டு பேரும் முட்டி போட்டு ஜெபம் சொல்லுவாங்க. கஸ்பார் பாட்டும் பாடுவார், தவளை மாதிரி. இப்போ மணி அடிச்சதும் சவேரியம்மா கதவைச் சாத்தி, முழ நீளத்து மரத் தாழ்ப்பாளைப் "படக்"னு போட்டா. அண்ணாந்து பார்த்து, "ஆண்டவரே, உமக்கும் எனக்கும் இனிப் பேச்சு இல்லை. என் வீட்டுக்குள்ள வரணும்னா தட்டிட்டு வாரும்"னா.

சொல்லிட்டு உள்ள போய் உக்காந்தா. உள்ளன்னா என்ன உள்ள, மேல வானம், சுத்தி மணல். சோறு வேண்டாம், கஞ்சி வேண்டாம்னுட்டா. முருங்கைக்காய் மாதிரி ஆயிட்டா. இப்படியே விட்டா இவளும் போயிருவான்னு ஊரே பயந்துச்சு.

அப்போ "மே"ன்னு ஒரு ஆடு வந்துச்சு. கதவைப் பார்த்துச்சு, சுத்தி நடந்து உள்ள வந்துருச்சு.

"ஏய், சுவத்துக்குள்ள புகுந்தா வருவே?"ன்னு விரட்டினா.

அப்புறம் கோயில் உபதேசியார் வந்தார், ஜெபம் சொல்லிக் குடுக்கிறவர். அவரும் சுத்தித்தான் வந்தார். "எல்லாம் நன்மைக்குத்தான் தாயி"ன்னார்.

"உபதேசியாரே, நீரு சுவத்து மேல நிக்கிறீரு."

"எங்க இருக்கு சுவர்?"

"உம்ம கால்கிட்ட."

பாவம், மனுஷன் "ஐயோ"ன்னு ஒரு துள்ளு துள்ளி, வந்த வழியே போயிட்டார். சிரிக்காத, "ம்" சொல்லு.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் மழை, "சடசடசட". அந்த மழைக்குள்ள, "டொக், டொக், டொக்."

சவேரியம்மா துள்ளி எழுந்தா. "யாரது?"

"நாந்தான், பக்கத்து வீட்டு மார்த்தாள்."

மார்த்தாள் யாரு தெரியுமா? ஒரு கோழிக்காகச் சண்டை போட்டு சவேரியம்மாகூடப் பேச்சை விட்டவ. அவ புருஷனும் அதே வள்ளத்துலதான் போனார்.

"சுவர்தான் இல்லையே, சுத்தி வரவேண்டியதுதானே?"

"தாழ்ப்பாள் போட்டிருக்கியே. நீ தொறக்காம எப்படிட்டி வருவேன்?"

சவேரியம்மா அண்ணாந்து பார்த்தா. "ஆண்டவரே, தட்டிட்டு வரச் சொன்னா இவளையா அனுப்புவீரு? உமக்கு வேற ஆளே கெடைக்கலையா?"

ஆனா தாழ்ப்பாளை உருவிட்டா. "கிரீச்."

தொப்பலா நனைஞ்சு, இடுப்புல ஒரு பானையோட நின்னா மார்த்தாள். "அரிசி இருக்கு, நனையாத சுள்ளி இருக்கு. மழையில அடுப்புத் தீதான் நிக்க மாட்டேங்குது. உன் கதவு மறைவுல மூட்டிக்கவா? கஞ்சி ரெண்டு பேருக்கும் காணும்."

ரெண்டு பேரும் கதவைக் கழட்டி, நிலை மேல சாய்ச்சு வச்சாங்க. கூரை ஆயிருச்சு. முதல் ஆளா ஆடு உள்ள வந்து படுத்துச்சு. உலை "தளதள"ன்னுச்சு.

"ஜெபம் சொல்லுவோமா?"ன்னா மார்த்தாள்.

"நான் அவர்கூடப் பேசுறதில்லை."

"இப்பதானே பேசுனே?"

"அது ஏச்சு."

"நானும் தினம் ஏசுறேன்ட்டி. அவரும் எங்கயும் போகாமக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கார். வேற யார்கிட்ட போய் ஏச?"

சவேரியம்மா தாழ்ப்பாளால சுள்ளியை அடுப்புக்குள்ள தள்ளினா. அப்போ மணி "டாண்"னு அடிச்சுச்சு. பழக்கத்துல சிலுவை போட்டா. கையில தாழ்ப்பாள், நெத்தியில "டொக்". ஜெபம் சொன்னாங்க. கஸ்பார் பாடுற எடம் வந்துச்சு. ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டாங்க. மழைச் சத்தம் மட்டும். அப்புறம் சவேரியம்மாவே பாடினா, தவளை மாதிரி. மார்த்தாளும் சேர்ந்துகிட்டா, கோழி மாதிரி. ஆடு எழுந்திரிச்சுப் பார்த்துச்சு.

அதுக்குள்ள கஞ்சி பொங்கிருச்சு. கிண்டணும், அகப்பை இல்லை. சவேரியம்மா என்ன பண்ணா? அந்தத் தாழ்ப்பாளை மழையில நீட்டிக் கழுவி, கஞ்சியைக் கிண்டினா.

கதை கஞ்சி குடிச்சுப் படுத்தாச்சு. நீயும் கண்ணை மூடு.