கட்டத்துக்குள் அகப்பட்ட ஊற்று

மலையும் மணலும் மனுஷரோடு வாய்விட்டுப் பேசிய காலம் அது. ஏழு கடலுக்கு அப்பாலே, நவஹோ என்னும் பழங்குடி மக்களுடைய செம்மண் பாலைவனத்திலே, தெஸ்பா என்று ஒரு பெண் இருந்தாள். ஆடு மேய்ப்பாள், அந்த ஆட்டு ரோமத்திலே கம்பளம் நெய்வாள். அவள் விரலுக்கு அப்படி ஒரு சாமர்த்தியம், போங்க!

அந்தப் பக்கம் ஒரு மாயக்காரர் வந்தார். நிலத்தைப் படமாகப் போடுவதுதான் அவருடைய மாயம். மேடெல்லாம் ஏறினார், பள்ளமெல்லாம் இறங்கினார், ஓடையெல்லாம் நடந்தார். ஒரே உயரத்து இடங்களைப் பழுப்புக் கோட்டால் இணைத்து, கோட்டுக்குள் கோடாக மலையையே தாளில் எழுப்பிவிட்டார். கடைசியில் நாலு பக்கமும் கறுப்புக் கட்டம் போட்டு மூடினார். மூடினாரோ இல்லையோ, பாலைவனத்தின் ஒரே ஊற்று தரையிலிருந்து மறைந்து, தாளுக்குள்ளே நீலமாக ஓட ஆரம்பித்துவிட்டது.

ஆடுகள் நாக்கு வறண்டு கத்தின. இன்னும் ஒரு பொழுது போனால் மந்தையே மிஞ்சாது. இது அந்தப் படத்தின் வேலைதான் என்று தெஸ்பா மாயக்காரரிடம் ஓடினாள்.

பாவம், அவரே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அழித்துப் பார்த்தாராம், அழியவில்லை. கிழித்துப் பார்த்தாராம், கிழியவில்லை. நெருப்பில் காட்டினாராம், நெருப்புதான் அணைந்ததாம்.

திட்டத்தான் வந்தாள் தெஸ்பா. படத்தைப் பார்த்ததும் குனிந்து, விரலால் கோடுகளைத் தொடர்ந்துகொண்டே போனாள். அவள் ஆடு ஏறும் சரிவு, மந்தை ஒதுங்கும் பாறை நிழல், ஒன்றைக்கூட அவர் விடவில்லை. நம் மண்ணை ஒரு மனுஷன் இவ்வளவு ஆசையாகப் பார்த்திருக்கிறாரே என்று அவள் நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஆனால் ஆனைக்கும் அடி சறுக்கும் இல்லையா? ஓரத்துக் கட்டத்தைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்தது.

"ஐயா, நாலு பக்கமும் அடைச்சுட்டீங்களே. கரை வச்சுக் கம்பளம் நெய்தா, உள்ளேயிருந்து ஓரம் வரைக்கும் வேற நிறத்துல ஒரு இழை ஓட்டி வழி விடுவோம். இல்லேன்னா நெய்தவ மனசு அதுக்குள்ளேயே மாட்டிக்கும்."

"கட்டத்தை வெட்டினா என் படம் கெட்டுப்போகுமே, பொண்ணே."

"வெட்டலைன்னா என் ஆடு செத்துப்போகும், ஐயா."

அதைக் கேட்டதும் அவர் தூரிகையை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்.

தெஸ்பா வெள்ளை மையைத் தொட்டு, ஊற்றிலிருந்து கறுப்புக் கட்டத்தைத் தாண்டி, நூல் மாதிரி ஒரு கோடு இழுத்தாள். ஓரத்தில் ஒரு சொட்டு துளிர்த்தது, சொட்டு ஒழுக்கானது, ஒழுக்கு வெள்ளமாகி வெளியே பாறையடியில் ஊற்றாகப் பொங்கியது!

ஆடுகள் வயிறு முட்டக் குடித்தன. மாயக்காரரும் மண்டியிட்டுக் குடித்தார். தான் இழுத்த ஆயிரம் கோட்டிலும் அவள் இழுத்த அந்த ஒன்றுதான் அழகு என்று வாய்விட்டுச் சொல்லி, படத்தை அவளுக்கே கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தண்ணீர் இன்னும் வற்றவில்லையாம். அதைக் குடிக்கிறவர்கள் எல்லாரும் சுகமாக இருக்கட்டும்.