நெருப்புக்கோழிக்குத் தீனி

கரட்டுப்பாளையம் ஜமீன்தார் சௌந்தரபூபதிக்கு ஓர் அரபு வியாபாரி நெருப்புக்கோழி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். லாயத்தில் வேலை பார்த்த வேலாத்தாள்தான் அதற்குத் தீனி போட்டாள்.

ஒரு நாள் ஜமீன்தார் அவளைக் கூப்பிட்டார். "நாளைக்கு எட்டு ஜமீன்தார்கள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் கோழி நெருப்புத் தின்ன வேண்டும்."

"எசமான், அது கீரைதானுங்க தின்னுது. நெருப்பைப் போட்டா தொண்டை வெந்து செத்துப்போகுமுங்க."

"பேரே நெருப்புக்கோழி. பேர் வைத்தவன் என்ன முட்டாளா? அது தின்னவில்லை என்றால் உனக்கு இங்கே வேலை இல்லை."

மறுநாள் விருந்தாளிகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். வேலாத்தாள் கோழியை நடுவில் நிறுத்திவிட்டு, இடுக்கியில் ஒரு கங்கோடு நேராக ஜமீன்தாரிடம் போனாள்.

"கையை நீட்டுங்க எசமான்."

"என் கை எதற்கு?"

"கீரைன்னா என் கையில தின்னுமுங்க. நெருப்புன்னா எசமான் உள்ளங்கையில வச்சாத்தான் தின்னும்."

கங்கு செக்கச்செவேல் என்று கனன்றது. "நீட்டுங்கள், அதைப் பார்க்கத்தானே வந்தோம்" என்றார் ஒரு விருந்தாளி.

ஜமீன்தார் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "கோழிக்கு இன்று பசியில்லை போலிருக்கிறது. கீரையே போடு."

வேலாத்தாள் அந்த நெருப்பைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டாள். கோழி கீரையை ஆவலாகத் தின்றது.

விருந்தாளி விடவில்லை. "அப்புறம் எதற்கு அதற்கு அந்தப் பேர்?"

"கோழியைக் கேட்டுட்டா வச்சாங்க?" என்றாள் வேலாத்தாள்.