சண்டியின் காது

காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். இந்தக் கதையே ஒரு காதைப் பற்றியதுதான். முடிவில் ஒரு கேள்வி வரும். அப்போது என்னைப் பார்த்துத் தலையைச் சொறியக் கூடாது.

வடபழனியில் ஒரு கார்ட்டூன் பட நிறுவனம். அவர்களுடைய முதல் படத்தின் நாயகன் கிட்டான் என்ற அணில், சரியான பயந்தாங்கொள்ளி. கடைசிக் காட்சியில் தங்கையைக் காப்பாற்ற அவன் வெள்ளத்தின் மேல் தாவ வேண்டும். தாவுமுன் அவன் வலது காது மூன்று முறை நடுங்கும். தியேட்டரில் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அந்த அசைவை உருவாக்கியவர் ஜமீலா. தாயின் ஆபரேஷனின்போது வெளியே காத்திருந்த நாளை நினைத்தபடி கண்ணாடி முன் உட்கார்ந்து, தன் கன்னம் துடித்ததைப் பார்த்துச் செய்தது.

இரண்டாம் பாகத்துக்குப் புது நாயகி. சண்டி என்ற கீரி. பயம் என்றால் கிலோ என்ன விலை என்பாள். அவளும் கடைசியில் தாவுகிறாள், எரியும் மூங்கில் புதருக்குள். இயக்குநர் வேதமாணிக்கம் கறாராகச் சொல்லியிருந்தார்: "கிட்டான் நின்ன அதே நிலை, அதே தாவல். பாக்கிறவங்களுக்குப் பழைய படம் ஞாபகம் வரணும். ஆனா அவன் பயந்தான், இவ பயப்பட மாட்டா. அதான் வித்தியாசம்." முன்னோட்டம் பார்த்த குழந்தைகளோ சண்டியைக் கண்டு கொட்டாவி விட்டார்கள். என்ன குறை என்று அவருக்கும் பிடிபடவில்லை.

அந்தத் தாவலைச் செய்யும் வேலை இசக்கிக்கு வந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்து இரண்டு வருடம், இன்னும் ஒப்பந்த வேலைதான். திரையில் அவள் பெயர் ஒரு தடவைகூட வந்ததில்லை. இந்த முறை வரும் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். நேரம் மிச்சம் பிடிக்க, கிட்டானின் தாவல் அசைவுகளை அப்படியே எடுத்துச் சண்டிக்கு ஏற்றினாள். அங்கே கணினியில் எல்லா உருவத்துக்கும் உள்ளே ஒரே எலும்புக்கூடு என்பதால் கச்சிதமாகப் பொருந்தியது. காதின் அசைவை மட்டும் அழிக்க வேண்டும். வேலைக்கு இடைஞ்சல் என்று காதைத் தன் கணினித் திரையில் மட்டும் மறைத்து வைத்திருந்தவள், மறைத்ததையே மறந்து, அசைவை அழிக்காமலே அனுப்பிவிட்டாள்.

அனுப்பினால் அது திருவேங்கடத்திடம் போகும். வேலைகளைச் சரிபார்ப்பவர். குறை இருந்தால் திருப்பி அனுப்பலாம், தானே கைவைக்கக் கூடாது. போன வருடம் கைவைத்த ஒருவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். சாயங்காலம் அவர் போன் செய்தார். "உன் ஷாட்டைப் பாத்துட்டேம்மா. மேலே அனுப்பிட்டேன்." குரல் கரகரத்தது. ஜலதோஷம் போல என்று நினைத்துக்கொண்டாள் இசக்கி.

மறுநாள் காலை எல்லாரும் படம் பார்க்க உட்கார்ந்தார்கள். திரையில் மூங்கில் பற்றியபோதுதான் இசக்கிக்குக் காது ஞாபகம் வந்தது. எழுந்து ஓடலாமா? அதற்குள் சண்டி வந்து நின்றாள். காது நடுங்கியது, ஒன்று. இசக்கி நாற்காலியின் கையை இறுகப் பற்றினாள். இரண்டு. கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று அவள் நினைப்பதற்குள் சண்டி நெருப்புக்குள் பாய்ந்துவிட்டாள்.

விளக்கு எரிந்தது. வேதமாணிக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டார்: "அந்தக் காது யார் வேலை?"

இசக்கி யோசித்தாள். சொன்னால் வேலை போய்விடும். ஊரில் எந்த முகத்தோடு நிற்பது? சொல்லாவிட்டால் பழி ஜமீலா அக்கா தலையில் விழும். காது நடுக்கம் என்றாலே அவர் பெயர்தானே. எழுந்து நின்றாள்.

"நாந்தான் சார். தெரியாம வந்துட்டு. அழிக்க மறந்துட்டேன்."

வேதமாணிக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "அழிச்சிராதம்மா. இன்னிக்குத்தான் சண்டிக்கு உயிர் வந்திருக்கு. பயமே தெரியாதவ முதல் தடவையா பயந்தா, பயந்துகிட்டே போனா. வெறும் கிட்டானைத் திருப்பிக் காட்டின மாதிரியும் இல்ல. இதுக்குத் திரையில தனி கார்டு போடப்போறேன். ஒரே ஒரு பேரு."

"அந்த நடுக்கம் எங்கம்மாவுக்காக நான் நடுங்கினது சார்," என்றார் ஜமீலா மெதுவாக.

"கொண்டுவந்தது நான்தானே," என்று இசக்கிக்குச் சொல்ல ஆசை.

திருவேங்கடம் தலைகுனிந்து நின்றார். "திருப்பி அனுப்பியிருக்கணும் சார். பாத்தேன், அனுப்பல." கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

நடுக்கத்தைப் படைத்தவர் ஒருவர், தவறுதலாகக் கொண்டுவந்தவள் ஒருத்தி, கண்டும் விட்டவர் ஒருவர். தனி கார்டில் வரவேண்டிய பெயர் யாருடையது? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்.

விடை: திருவேங்கடத்தின் பெயர். கிட்டானின் காது நடுங்கியது மூன்று முறை. சண்டியின் காதோ இரண்டே முறை. இசக்கி எடுத்துவந்தது மூன்றையும். ஜமீலா தந்தது கிட்டானின் பயம், இசக்கியால் வந்தது அதன் நகல். வேலை போகும் என்று தெரிந்தும், இடையில் அதைப் பார்த்த அவரே கைவைத்து ஒன்றை வெட்டியிருக்கிறார்; சண்டி வேறொருத்தியானது அந்த வெட்டில்தான். இசக்கிக்கு அது அங்கேயே உறைத்தது. வாயைத் திறக்காவிட்டால் கார்டு தனக்கே வரலாம். திறந்தால் அந்த மனிதர் மாட்டிக்கொள்வார் என்ற பயம் வேறு. ஆனாலும் கேட்டுவிட்டாள்: "மூணாவது எங்கண்ணே?" திருவேங்கடம் நிமிர்ந்தார். "சண்டி அதை அடக்கிக்கிட்டாம்மா," என்றார். வேதமாணிக்கம் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்தார். அந்தக் கை அப்போதும் நடுங்கிக்கொண்டிருந்தது.