எல்மர் கொடுக்காத தந்தி

கூர்ந்து கேளுங்கள். நடுவில் மனம் கலங்கினாலும் யார் எதை எப்போது செய்தார் என்பதைக் கோட்டை விடாதீர்கள். கடைசியில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், அமெரிக்காவில் ஊர் ஊராகக் கூடாரம் அடித்த ஒரு சர்க்கஸில், வெர்னா அந்தரத்தில் ஊஞ்சல் விட்டு ஊஞ்சல் தாவுவாள். எதிர் ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்கி அவளைப் பிடிப்பவன் கணவன் கிளைடு. ஆறு வயது மகள் நான்சி, ரயிலில் மூன்று மணி நேரத் தொலைவில், வெர்னாவின் அக்கா வீட்டில் வளர்ந்தாள்.

முந்தின வருஷம், கடிதம் படித்த கையோடு மேலே ஏறிய தோழி ஒருத்தி வெர்னாவின் கண்ணெதிரே விழுந்து செத்தாள். அன்றே சர்க்கஸின் தபால்களைக் கவனிக்கும் பெரியவர் எல்மரிடம் வெர்னா சத்தியம் வாங்கினாள்.

"எங்க ரெண்டு பேருக்கும் எது வந்தாலும், கீழே இறங்கின பிறகுதான் குடுக்கணும். நானே கேட்டாலும் குடுக்காதீங்க."

ஒரு சனிக்கிழமை பகல் ஒரு மணிக்குத் தந்தி வந்தது. ஆட்டம் இரண்டரைக்கு. எல்மர் உறையைப் பிரிக்காமல் சட்டைப் பைக்குள் வைத்தார். அதைப் பார்த்துவிட்ட கிளைடு, அவர் தடுக்கத் தடுக்க அங்கேயே பிடுங்கிப் படித்தான்.

"என்னப்பா சேதி?"

"ஒண்ணுமில்ல. அவகிட்ட சொல்லிடாதீங்க."

மேலே கிளைடின் கைகள் ஈரமாக இருந்தன. இரண்டு முறை பவுடர் பூசியும் பிடி விரல் நுனியில்தான் நின்றது. வெக்கை என்று நினைத்த வெர்னா, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள். பாவம், அந்தச் சிரிப்புக்காகச் சாகும்வரை அவள் தன்னை மன்னிக்கவில்லை.

இறங்கியதும் கிளைடு தந்தியை நீட்டினான். 'நான்சிக்கு மோசம். அம்மாவைக் கேட்கிறாள். உடனே வரவும்.' இரண்டு மணி ரயில் போய்விட்டிருந்தது. அதில் ஏறியிருந்தால் ஐந்துக்குச் சேர்ந்திருக்கலாம். குழந்தை ஆறு மணிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததாம். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது குழந்தையின் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள்.

பிறகு மூவரும் பழியைத் தங்கள் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"சத்தியம் வாங்கினவ நான்தானே" என்றாள் வெர்னா.

"கைக்கு வந்ததைக் குடுக்காம வச்சிருந்தேனே" என்று எல்மர் அழுதார்.

"சொன்னா நீ விழுந்துடுவியோன்னு பயந்துட்டேன்" என்றான் கிளைடு.

இந்தப் பழி யாரைச் சேரும்?

விடை: கிளைடைத்தான். உறைக்குள் இருந்தது எல்மருக்குத் தெரியாது. வெர்னா சத்தியம் வாங்கியது, கெட்ட சேதி எதுவும் ஏணி ஏறக் கூடாது என்பதற்காக. கிளைடு படித்த நிமிஷமே அது ஏறிவிட்டது, அதுவும் அவளைப் பிடிக்க வேண்டிய கைகளில். அதன்பின் மறைத்ததால் யாருக்கும் பாதுகாப்பில்லை. ஆட்டத்தை நிறுத்திவிட்டு இருவரும் ரயிலேறியிருக்கலாம். இது வெர்னாவுக்கும் புரிந்தது. அவனை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுமாதம் மேலே ஏறினாள். பிடிப்பதற்கு மட்டும் வேறொருவனைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.