மாதா தங்காத வீடு

கடலோரத்து ஊர் ஒன்றில் கஸ்பார் என்பவர் கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் வேலைக்குப் பயின்றுவந்தார். அவருக்குப் பாடம் சொன்னவர் பங்குச்சாமியார் இஞ்ஞாசி. வயதில் குரு இளையவர்; நரை சீடருக்குத்தான். ஆனாலும் கஸ்பார் அவர் முன்னால் உட்காரமாட்டார். நின்றபடியே கேட்பார், நின்றபடியே ஒப்பிப்பார்.

ஜெபங்கள் எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கோயிலில் முதலில் முழங்காலிடுவதும் அவர்தான், கடைசியில் எழுவதும் அவர்தான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். ஜெபமாலை மாதத்தில் மாதா சுரூபம் ஒரு சிறிய மரக்கூட்டில் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஓர் இரவு தங்கும். மறுநாள் சாயங்காலம் அந்த வீட்டுக்காரரே அதைத் தூக்கிக்கொண்டுபோய் அடுத்த வீட்டில் கொடுக்கவேண்டும்.

கஸ்பாருக்கு அடுத்த வீடு லாசருடையது. நடுவில் ஓலை வேலி. மாதா கஸ்பார் வீட்டில் தங்கிய மறுநாள் சாயங்காலம் லாசர் வீட்டில் வாசல் கூட்டி, மேசைமேல் வெள்ளைத்துணி விரித்து, விளக்கேற்றி வைத்திருந்தார்கள். லாசரின் மனைவி மெற்றில்டா தலையில் முக்காடிட்டு வாசலில் நின்றாள்.

கஸ்பார் கூட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அந்த வாசலைத் தாண்டிப் போனார். தலையைத் திருப்பவில்லை.

அதற்கப்பால் இருந்த வீட்டுக்காரி பதறிப்போனாள்.

"என்ன உபதேசியாரே, மாதா நாளைக்குத்தானே வரணும்? நான் இன்னும் வீட்டைக்கூடக் கழுவலையே!"

"இன்னைக்கே வாங்கிக்க."

"நடுவுல ஒரு வீடு கண்ணுக்குத் தெரியலையோ? கண்ணாடி மாத்துங்க."

கேலி செய்தாளே தவிர, அவளும் கூட்டை வாங்கிக்கொண்டாள். காரணம் ஊருக்கே தெரியும். போன வருஷம் கஸ்பாரின் ஒரே மகன் ததேயு, லாசரின் வள்ளத்தில் கடலுக்குப் போனான். காற்றில் வள்ளம் கவிழ்ந்தது. லாசர் மட்டும் கரைக்கு வந்தார். அதன்பிறகு லாசர் கடலுக்கும் போகவில்லை, தெருவிலும் இறங்கவில்லை. அவருடைய வீட்டுப்படியை யாரும் மிதிக்கவில்லை.

மாதம் முடிந்தது. கடைசி வீட்டுக்காரர் கோயில் வாசலில் கூட்டைக் கொடுக்க, கஸ்பார் அதை வாங்கிக்கொண்டு சாமியாரிடம் வந்தார்.

"எல்லா வீடும் முடிஞ்சுது சாமி."

"எல்லா வீடுமா?"

"லாசர் வீடு தவிர."

"உங்களுக்கு அடுத்த வீடு அதுதானே?"

"அடுத்த வீடுன்னா, அடுத்து ஜெபம் சொல்ற வீடுன்னு எடுத்துக்கிட்டேன் சாமி. அவன்தான் கோயில் பக்கமே வர்றதில்லையே."

"உங்க வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவுல என்ன இருக்கு?"

"வேலி."

"வேலி மட்டுமா?"

கஸ்பாரின் குரல் இறங்கியது.

"என் பிள்ளை இருக்கான் சாமி."

கூட்டைச் சாமியார் முன்னால் இறக்கி வைத்தார். பிறகு சொன்னார்:

"கடவுளை நேசிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பிள்ளை போன அன்னைக்கும் நான் ஜெபமாலையை விடலை. இவனை நேசிக்கிறதுதான் எப்படின்னு தெரியலை. அதை மட்டும் சொல்லிக்கொடுங்க."

சாமியார் கூட்டை எடுத்து மறுபடி அவர் கையில் வைத்தார்.

"வாங்க, போவோம்."

லாசரின் வாசலுக்கு வந்ததும் சாமியார் தெருவிலேயே நின்றுகொண்டார்.

"நீங்க வரலையா சாமி?"

"மாதா என் வீட்டுலேருந்தா வர்றாங்க?"

கஸ்பார் தனியாகப் படியேறினார். மெற்றில்டா அவரைப் பார்த்ததும் திடுக்கிட்டு எழுந்தாள்.

"மாசம் முடிஞ்சுபோச்சேன்னு இன்னைக்குக் காலையிலதான் துணியை மடிச்சு வச்சேன் அண்ணே," என்றவள், அவசரமாக அதை எடுத்து உதறி மேசைமேல் விரித்தாள்.

கஸ்பார் கூட்டை இறக்கி வைத்தார். வைத்ததும் திரும்பிவிடவேண்டும் என்றுதான் எண்ணியிருந்தார். மூலையிலிருந்து லாசர் எழுந்து வந்தார். அவருடைய இரண்டு கைகளும் நடுங்கிக்கொண்டிருந்தன.

"அண்ணே, நீங்க வந்து கேப்பீங்க, கேப்பீங்கன்னு ஒரு வருஷமா பார்த்துக்கிட்டே இருக்கேன்."

"என்னத்தைக் கேக்க?"

"ததேயு தம்பி எப்படிப் போனான்னு."

இத்தனை நாள் கேட்காமலிருந்தது கோபத்தினால் என்றே கஸ்பார் நினைத்திருந்தார். பயத்தினால் என்று இப்போது தெரிந்தது.

"சொல்லு."

"கவுந்த வள்ளத்து மேல நான் தொத்திக்கிட்டேன். அவன் தண்ணியில கிடந்தான். அவன் கையைப் பிடிச்சிருந்தேன். ராத்திரி முழுக்கப் பிடிச்சிருந்தேன் அண்ணே. அலை வந்து பிடுங்கிட்டுப் போச்சுன்னு ஊர்ல சொன்னேன். அலை பிடுங்கலை. நான்தான் விட்டேன். விட்டாத்தான் நான் பிழைப்பேன்னு தோணிச்சு."

மெற்றில்டா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் அது புதிது.

கஸ்பார் எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே தெரியாது. தெருவில் இருட்டத் தொடங்கியிருந்தது. சாமியார் விட்ட இடத்திலேயே நின்றிருந்தார்.

"கையை விட்டுட்டானாம் சாமி."

சாமியார் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்களுக்கு இது முன்னமே தெரியுமா?"

சாமியார் லாசரின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இதுவரைக்கும் சந்தேகம்தான். இப்ப அவன் வாயாலேயே கேட்டுட்டேன். உள்ள போறப்போ இருந்த வெறுப்பைவிட இப்ப அதிகமா இருக்கு. நேசிக்கச் சொல்லிக்கொடுங்கன்னுதானே உங்ககிட்ட வந்தேன்?"

"ஆமா."

"இனி நான் என்ன செய்ய?"

"நாளைக்குச் சாயங்காலம் லாசர் மாதாவைத் தூக்கிட்டுக் கோயிலுக்கு வரணும்," என்றார் சாமியார். "தெரு முழுக்கப் பார்த்துக்கிட்டு நிக்கும். அவருக்குக் கை நடுங்குது. கூட்டை ஒரு பக்கம் பிடிக்க ஆள் வேணும்."

"மனசு வராதே சாமி."

"மனசு வர்றப்போ வரட்டும். நாளைக்குக் கை வேணும்."