சிமெண்டுத் துரை கொடுத்த வாக்கு

ஆலங்குளத்தில் ஒரு வீட்டுக்குக் கூரை காங்கிரீட் போடுகிற அன்றைக்குப் பார்த்துக் கலவை மெஷின் மக்கர் பண்ணிவிட்டது. "இந்தா வந்துட்டேன்" என்று மெக்கானிக் போனில் சொல்லிச் சொல்லியே காலைப்பொழுது ஓடிவிட்டது. பக்கத்துத் தெருவில் இன்னொரு காண்ட்ராக்டர் ஆள் தேடுகிறான். கூலியாட்கள் தலைச் சும்மாட்டைச் சுருட்டிக் கிளம்பத் தொடங்கியதும் இந்த வீட்டுக் காண்ட்ராக்டர் சுடலைக்கண்ணு வழியை மறித்து நின்றார். இவர்கள் போய்விட்டால் இன்றைக்குக் கூரை ஏறாது. மழைக்காலம் வேறு. அவர் கையில் இருந்த ஒரே சரக்கு வாய்தான்.

"உக்காருங்க. இந்தச் சிமெண்டு எப்படி வந்துச்சு தெரியுமா? நூத்தம்பது வருசத்துக்கு முந்தி ஜெர்மனியில குஸ்தாவ் துரைன்னு ஒருத்தர். ரொட்டிக்கடைக்காரர் மகன். ஒருநாள் மாவுன்னு நெனச்சு சுண்ணாம்பையும் களிமண்ணையும் பிசைஞ்சு அடுப்புல வச்சிட்டாரு. அந்த ரொட்டியக் கடிச்ச பாதிரியாருக்கு அத்தன பல்லும் போச்சு. ரொட்டிக்கு ஒண்ணும் ஆகல. அதை வச்சுத்தான் முதல் பாலம் கட்டினாரு."

"ஒரு ரொட்டியிலயா?" என்றாள் சித்தாள் பிரம்மு.

"சின்னப் பாலம்தான், தாயி. பெறவு ஃபாக்டரி வச்சாரு. அங்க பறக்குற தூசியில காக்கா குறுக்க போனா, மறுபக்கம் சிலையா வந்து விழும். கல்யாணத்தன்னைக்குத் துரை சிரிச்சாரு பாருங்க, தூசியும் வேர்வையும் சேந்து மூஞ்சி அப்படியே இறுகிப்போச்சு. மாமியா செத்த வீட்டுலயும் அதே சிரிப்பு."

"அது தூசியால இல்ல" என்றார் கொத்தனார் மாசானம்.

எல்லாரும் சிரித்தார்கள். சுடலைக்கண்ணுவுக்குத் தெம்பு வந்தது.

"ஒருதடவ வேலையாளுங்க கூலி கூட்டக் கேட்டு வாசல்ல உக்காந்துட்டாங்க. துரை மாடியில நின்னு, கூலி கூட்டுதேன், வீடு கட்டித் தாரேன்னு பேசினாரு. வாய்விட்டு வந்த வார்த்தையெல்லாம் தூசியில உறைஞ்சு, செங்கல்லு செங்கல்லாக் கீழ விழுந்துச்சு. அதை அடுக்கித்தான் பங்களா கட்டினாரு."

"கூலி கூட்டினாரா?" என்று கேட்டாள் பிரம்மு.

"எப்படிக் கூட்டுவாரு? வாக்கைத்தான் சுவத்துல வச்சுப் பூசியாச்சே!"

மற்றவர்கள் சிரித்தார்கள், பிரம்மு சிரிக்கவில்லை. "ஜெர்மனியிலயும் அப்படித்தானா?" என்றாள்.

சுடலைக்கண்ணு அவசரமாக மேலே தாவினார். "கடைசியில எமன் வந்தான். துரை ஒரு வண்டிச் சாந்தை எருமை காலடியில கொட்டினாரு. எருமை அங்கனயே நின்னுபோச்சு, எமன் நடந்தே ஊர் போய்ச் சேந்தான். அம்புட்டுச் சாந்தையும் மெஷின் இல்லாம, ஒத்த ஆளா, வெத்தலை மெல்லுறதுக்குள்ள குழைச்சிட்டாரு!"

சொன்ன பிறகுதான் வாய் செய்த வேலை அவருக்கே புரிந்தது. பிரம்மு மண்வெட்டியை எடுத்து நீட்டினாள்.

"துரையே குழைச்சிருக்காரு. நீங்க ஆரம்பிங்க, அண்ணாச்சி."

சுடலைக்கண்ணு வெள்ளை வேட்டியை மடித்துக்கட்டி இறங்கினார். நாலு புரட்டலில் இடுப்பு பிடித்துக்கொண்டது. "ஒரு கை குடுங்கம்மா" என்று கெஞ்சினார்.

"கைக்கலவைக்குக் கூலி கூட. இப்பமே எடுத்து வைங்க" என்றாள் பிரம்மு.

பணத்தை எண்ணி வைத்தார். எல்லாரும் இறங்கிக் குழைத்தார்கள். பொழுது சாயக் கூரையும் ஏறியது. அப்போதுதான் மெக்கானிக் வந்து சேர்ந்தான்.

"வழியெல்லாம் ஒரே டிராஃபிக், அண்ணாச்சி."

இடுப்பைப் பிடித்தபடி சுடலைக்கண்ணு சீறினார்: "ஏல, பொய் சொல்லுதவனக் கண்டாலே எனக்கு ஆகாது!"