பெயருக்கு முன்னால் லேட்

பட்டாசு ஆலை வெடித்ததில் திங்கட்கிழமை விருமாயி இறந்துபோனாள். முதலாளி தனகோடி, டைப்பிஸ்ட் ஞானசெல்வியைக் கூப்பிட்டார்.

"அவளைச் சனிக்கிழமையே வேலையை விட்டு நீக்கினதா, சனிக்கிழமை தேதி போட்டு இங்கிலீஷ்ல லெட்டர் அடி. லேட்டா வந்தான்னு காரணம் போடு."

"லேட்டுங்கிறதைப் பேருக்கு முன்னாடியே போட்டுடவா சார்?"

"போடு. பார்த்ததும் தெரியணும்."

முதலாளி கம்பீரமாகக் கையெழுத்திட்டார்.

விசாரணை அதிகாரி படித்துவிட்டு நிமிர்ந்தார். "பேருக்கு முன்னால லேட் போட்டா, காலமானவர்னு அர்த்தம். திங்கட்கிழமை செத்தவங்களுக்குச் சனிக்கிழமையே எப்படிப் போட்டீங்க?"

முதலாளிமீது வழக்குப் பதிவானது. ஞானசெல்விக்கு வேலை போனது.

அன்று விருமாயியின் புருஷன் கேட்டான். "இங்கிலீஷ்ல என்னம்மா எழுதியிருந்தே?"

"அக்கா செத்துட்டாங்கன்னு எழுதினேண்ணே."

அதுவரை அழாதவன் அப்போதுதான் அழுதான்.